யாருடைய கை பட்டு வந்த காய்ச்சல்?

இருதய சத்திரசிகிச்சை என்றவுடன் எமது குடும்பங்களில் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. திகதி எப்போது கிடைக்கும்? இரத்தம் கொடுக்க எத்தனை பேரைத் தேட வேண்டும்? கொழும்பில் எங்கே தங்குவது? பிள்ளைகளை யாரிடம் விட்டுச் செல்வது? ஒப்பரேசன் சரிவந்துவிட்டது என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பெருமூச்சு விடுகிறோம். அதன் பின்னர் வரும் சில நாட்களைப் பற்றி நாம் கேட்பதுமில்லை, பல வேளைகளில் எமக்குச் சொல்லப்படுவதுமில்லை. அந்தச் சில நாட்களைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

நான் வைத்தியரல்ல. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்றவள். வடக்கிலிருந்து சிகிச்சைக்காகக் கொழும்புக்கு வரும் குடும்பங்களுக்குத் துணை நிற்பது எனது வேலையின் ஒரு பகுதி. படிவங்களை நிரப்பிக் கொடுப்பேன். சிங்களத்தில் சொல்லப்படுவதைத் தமிழில் சொல்வேன். தங்குமிடம் தேடிக் கொடுப்பேன். இந்த வேலையில் நான் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்று உண்டு. ஒரு நோயைப் பற்றிய விளக்கம் கிடைக்காதபோது அந்த இடம் வெறுமையாக இருப்பதில்லை. பழி வந்து அதை நிரப்பிவிடுகிறது. அந்தப் பழியும் அநேகமாக ஒரு பெண்ணின் தலையில்தான் வந்து விழுகிறது.

தொட்ட கை

2023ஆம் ஆண்டு கொழும்பிலுள்ள ஓர் அரச வைத்தியசாலையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ஒரு குடும்பத்தைச் சந்தித்தேன். வேறொரு குழந்தையின் அலுவலாக அங்கே போயிருந்தேன். நான் தாதியோடு சிங்களத்தில் கதைப்பதைக் கண்ட ஒருவர், "மிஸ், எங்கடை ஆளுக்கும் என்னெண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுவீங்களோ?" என்று கேட்டார். வன்னிக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர்கள். அவருடைய மனைவிக்கு முப்பது வயது கடந்திருந்தது. சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் அவருடைய இருதய வால்வு ஒன்று தடித்துச் சுருங்கிப்போயிருந்தது. அதை அகற்றிச் செயற்கை வால்வு பொருத்தியிருந்தார்கள். அன்று மூன்றாம் நாள்.

முதல் நாள் மாலை உள்ளே போய்ப் பார்த்த தாய், மகளின் நெற்றியைத் தடவியிருக்கிறார். மறுநாள் மகளுக்குக் காய்ச்சல். முகமும் கைகளும் வீங்கி, கண் இமைகள் திறக்க முடியாத அளவுக்கு ஊதிப்போயிருந்தன. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, அவர் பெற்ற தாயையே அடையாளம் காணவில்லை. கையிலிருந்த சேலைன் குழாயைப் பிடுங்க முயன்றார். கட்டிலருகே இருந்த இயந்திரம் சத்தம் போடும்போதெல்லாம், "அம்மா, பங்கருக்கை வாங்கோ, கிட்டக் கேக்குது" என்று கத்தினார். 2009இல் அவர் பதின்ம வயதுப் பிள்ளை.

வெளியே மாமியார் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "தொடாதேங்கோ தொடாதேங்கோ எண்டு நான் சொன்னனான்தானே சம்பந்தி. உங்கடை கையாலைதான் கிருமி போயிருக்கு. இப்ப அது மூளைக்கும் ஏறிப்போச்சு."

தாய் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாளாக அவர் சாப்பிடவில்லை என்று மருமகன் சொன்னார். என்னிடம் மட்டும் மெல்லிய குரலில், "நான் நெத்தியைத்தான் பிள்ளை தொட்டனான். சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டுத்தான் போனனான்" என்றார். சொல்லிவிட்டுத் தன் வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டார்.

தாதி அன்பானவர். அந்தத் தாயின் தோளில் தட்டி "பய வென்ன எப்பா அம்மே" என்று பலமுறை சொல்லியிருக்கிறார். பயப்பட வேண்டாம் என்பது புரிந்தது. ஏன் பயப்பட வேண்டாம் என்பது மட்டும் யாருக்கும் புரியவில்லை.

குளமும் துருசும்

வைத்தியர் வந்தபோது நான் இடையில் நின்று மொழிபெயர்த்தேன். வீக்கமும் காய்ச்சலும் குழப்பமும் இத்தகைய சத்திரசிகிச்சையின் பின் பலருக்கு வருபவை, பெரும்பங்கு இருதய நுரையீரல் இயந்திரத்தில் உடலை இணைத்ததால் எழும் அழற்சி என்று சொன்னார். கிருமித் தொற்றா என்பதை அறிய இரத்தம் எடுத்து அனுப்பியிருப்பதாகவும் சொன்னார். உடனே மாமியார் கேட்டார்: "மெசினாலையோ? அப்ப மெசின் பழுதோ?"

நல்ல கேள்வி. அதற்கு அன்று கிடைத்த பதிலையும், அதன் பின்னர் வைத்தியர்களிடம் கேட்டும் வாசித்தும் நான் அறிந்தவற்றையும் இயன்றவரை எளிமையாகச் சொல்கிறேன்.

குளத்தின் துருசைத் திருத்த வேண்டுமானால் அதனூடாகத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கக் கூடாது. அதற்காக வயலைக் காயவிடவும் முடியாது. வேறொரு வழியால் தண்ணீரைத் திருப்பிவிட்டுத்தான் திருத்துவார்கள். இருதயத்தின் உள்ளே வேலை செய்வதற்கும் அதுவே வழி. இருதயத்துக்குத் திரும்பிவரும் குருதியைக் குழாய் மூலம் வெளியே எடுக்கிறார்கள். அது ஒரு கொள்கலத்தில் சேர்ந்து, பம்பினால் தள்ளப்பட்டு, செயற்கை நுரையீரல் ஒன்றினூடாகப் போகிறது. அங்கே காபனீரொட்சைட்டு நீங்கி ஒட்சிசன் சேருகிறது. பின் அந்தக் குருதி பெருநாடிக்குள் செலுத்தப்படுகிறது. பொற்றாசியம் கலந்த கரைசலைக் கொடுத்து இருதயத்தின் துடிப்பை நிறுத்திவைக்கிறார்கள். வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 5 லீற்றர் குருதி உண்டு. இயந்திரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 4 லீற்றரைச் சுற்றவிடுகிறது. அதாவது உடலிலுள்ள குருதி முழுவதும் ஒன்றரை நிமிடத்துக்குள் ஒரு தடவை அந்தப் பிளாஸ்டிக் வழியினூடாகப் போய்வந்துவிடும். இது ஒரு மணித்தியாலமோ, இரண்டு மணித்தியாலமோ, அதற்கு மேலாகவோ நடக்கும்.

பிறந்த நாளிலிருந்து எமது குருதி அறிந்தது குருதிக் குழாய்களின் உட்சுவரை மட்டுமே. இப்போது அது பிளாஸ்டிக்கைத் தொடுகிறது, காற்றைத் தொடுகிறது, பம்பினால் நசுக்கப்படுகிறது. உறையாமல் இருக்க ஹெப்பரின் கொடுத்திருந்தாலும் காயம்பட்டுவிட்டது என்றே உடல் எடுத்துக்கொள்கிறது. குருதியிலுள்ள கொம்பிளிமென்ற் எனப்படும் பாதுகாப்புப் புரதங்கள் முதலில் விழித்துக்கொள்கின்றன. அவை வெண்குழியங்களை உசுப்பிவிடுகின்றன. வெண்குழியங்களும் குழாய்ச் சுவர்களும் மேலும் மேலும் அழற்சிப் பதார்த்தங்களை வெளிவிடுகின்றன. நிறுத்திவைத்த இருதயத்துக்கும் ஓய்ந்திருந்த நுரையீரலுக்கும் மீண்டும் குருதி பாயத் தொடங்கும்போது இது இன்னும் கூடுகிறது. ஹெப்பரினை முறிக்கக் கொடுக்கும் புரோட்டமின் மருந்தும் தன் பங்குக்குத் தூண்டிவிடுகிறது.

அந்த மாமியாருக்கு நான் இப்படிச் சொன்னேன்: "அம்மா, இரவிலை ஊருக்குள்ளை ஒரு புது ஆள் வந்தால் முதல் ஒரு நாய் குரைக்கும். அதைக் கேட்டு மற்ற நாய் குரைக்கும். பிறகு ஊர் நாய் முழுக்கக் குரைக்கும். வந்தது கள்ளனில்லை, மருந்து கொண்டுவந்த டொக்டர். அது நாய்க்குத் தெரியுமோ?" அவர் சிரிக்கவில்லை. ஆனால் தலையாட்டினார்.

இந்த ஆரவாரத்தில் நுண்ணிய குருதிக் குழாய்களின் சுவர்கள் கசியத் தொடங்குகின்றன. குருதியிலுள்ள நீர் வெளியேறித் தசைகளிலும் தோலின் கீழும் தேங்குகிறது. இயந்திரத்தின் குழாய்களை நிரப்புவதற்காக முன்கூட்டியே ஊற்றிய ஒரு லீற்றர் அளவான திரவமும் உடலுக்குள் சேர்ந்திருக்கிறது. முகம் வீங்குவது இதனால்தான். நுரையீரலில் நீர் கசிந்தால் மூச்சு முட்டும். சிறுநீரகம் சில நாள் சோர்ந்துபோகலாம். காய்ச்சல் வரும். இருதயம் தாளம் தப்பித் துடிப்பதும் இந்நாட்களில் மிகச் சாதாரணம். மனக்குழப்பத்துக்கு அழற்சியோடு மயக்க மருந்து, வலி, தூக்கமின்மை, இரவு பகல் தெரியாத அறை எல்லாமே காரணமாகின்றன.

காய்ச்சல் 38 பாகை செல்சியசுக்கு மேலே போதல், இருதயத் துடிப்பு நிமிடத்துக்கு 90ஐத் தாண்டுதல், மூச்சு நிமிடத்துக்கு 20க்கு மேலாதல், வெண்குழியங்கள் மிகவும் கூடுதல் அல்லது குறைதல் போன்ற அறிகுறிகளில் இரண்டாவது இருந்தால் உடல் முழுதும் அழற்சி எழுந்துள்ளது எனக் கொள்ளலாம் என்று 1991இல் அமெரிக்காவில் கூடிய நிபுணர்கள் வகுத்தார்கள். கிருமி நுழைந்தாலும் இதே அறிகுறிகள் வரும், இயந்திரத்தினாலும் இதே அறிகுறிகள் வரும். வெறுங்கண்ணால் பார்த்துப் பிரித்தறிய வைத்தியருக்கே முடியாது. அதனால்தான் இரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். வைத்தியரே பொறுத்திருந்து பார்க்கும் ஒன்றில், கதவுக்கு வெளியே நிற்கும் நாம் அரை மணித்தியாலத்தில் தீர்ப்புக் கூறிவிடுகிறோம்.

பரிசோதனையில் கிருமி எதுவும் இல்லை என்று வந்தது. நீர் இறங்க மருந்து கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது, முகம் பழைய முகமாகத் தொடங்கியது. தெளிந்த பின் மகள் தாயிடம் வெட்கத்தோடு, "நான் என்ன கதைச்சனான் அம்மா?" என்று கேட்டாராம். "ஒண்டுமில்லை, தண்ணி கேட்டனீ" என்று தாய் சொல்லிவிட்டார். மாமியார் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணீர் ஊற்றி, "குடியுங்கோ சம்பந்தி" என்று நீட்டினார்.

ஒரு மனைவியின் உழைப்பு

இந்த இயந்திரத்தின் வரலாற்றிலும் ஒரு பெண் இருக்கிறார் என்பதை எமது வாசகியர் அறிந்திருப்பது நல்லது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஜோன் கிப்பன் என்ற இளம் வைத்தியர், நுரையீரல் நாடியில் குருதிக்கட்டி அடைத்த ஒரு பெண்ணின் அருகே இரவு முழுதும் கண்விழித்திருந்தார். அந்தப் பெண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தக் குருதியை வெளியே எடுத்து, ஒட்சிசன் சேர்த்துத் திருப்பி அனுப்ப முடிந்திருந்தால் என்ற எண்ணம் அன்றுதான் அவருக்குத் தோன்றியது. அவருடைய மனைவி மேரி கிப்பன் ஆய்வுகூடத்தில் அவரோடு தோளோடு தோள் நின்று உழைத்தார். பல வருடப் பரிசோதனைகளின் பின், 1953 மே 6ஆம் திகதி பிலடெல்பியாவில் சிசிலியா பவோலெக் என்ற 18 வயது யுவதியின் இருதயத்திலிருந்த துவாரத்தை இயந்திரத்தின் துணையோடு கிப்பன் மூடினார். 26 நிமிடங்கள் அந்த யுவதியின் உயிர் முழுவதுமாக இயந்திரத்திலேயே தங்கியிருந்தது.

அடுத்த வருடம், 1954இல், மினசோட்டாவில் வைத்தியர் லில்லெஹை வேறொரு வழியைக் கையாண்டார். இயந்திரத்துக்குப் பதிலாகத் தந்தையின் அல்லது தாயின் உடலோடு பிள்ளையின் குருதிச் சுற்றோட்டத்தை இணைத்தார். பெற்றவரின் இருதயமும் நுரையீரலும் சிறிது நேரம் பிள்ளைக்காகவும் உழைத்தன. இவ்வாறு சிகிச்சை பெற்ற 45 பேரில் 28 பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள். ஆனால் இது இரு உயிர்களை ஒருங்கே ஆபத்தில் வைக்கும் வழி. அதனால் திருத்தியமைக்கப்பட்ட இயந்திரங்களே நிலைத்தன.

இயந்திரத்துக்குப் பின் வரும் வீக்கத்தையும் மூச்சுமுட்டலையும் வைத்தியர்கள் தொடக்கத்திலிருந்தே கண்டார்கள். கொம்பிளிமென்ற் புரதங்கள் இயந்திரம் ஓடும்போது தூண்டப்படுவதை 1981இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். அப்படியானால் அழற்சியை அடக்கும் ஸ்டீரொய்ட் மருந்தை எல்லோருக்கும் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கொடுத்துப் பார்த்தார்கள். 2012இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில் 4,494 பேரும், 2015இல் வெளிவந்த, 18 நாடுகளில் நடந்த ஆய்வில் 7,507 பேரும் பங்குபற்றினர். மருந்து பெற்றவர்களிடையே மரணமோ பெரிய பாதிப்புகளோ நிச்சயமாகக் குறைந்தன என்று சொல்ல இரண்டிலும் முடியவில்லை. நாடி அடைப்புக்கான சத்திரசிகிச்சையை இயந்திரம் இல்லாமல், துடிக்கும் இருதயத்திலேயே செய்யும் முறையும் உண்டு. 2012இல் 4,752 பேரை ஒப்பிட்ட ஆய்வில், முதல் 30 நாட்களில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது இரு முறைகளுக்குமிடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. வால்வு மாற்றுவதற்கு இருதயத்தைத் திறக்கும்போது இயந்திரம் இல்லாமல் முடியாது.

இதிலிருந்து நான் விளங்கிக்கொண்டது, அழற்சி என்பது ஒரு சுவிட்சைப் போட்டு நிறுத்தக்கூடிய ஒன்றல்ல என்பதே. காயத்தை ஆற்றுவதும் அதுதான், கிருமியை எதிர்ப்பதும் அதுதான். இயந்திரத்தில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது, குழாய்களின் உட்புறத்தை உடலுக்கு ஒத்துப்போகும் பொருளால் பூசுவது, மேலதிக நீரை வடித்தெடுப்பது என்று பல வழிகளில் அதன் வேகத்தைத் தணிக்கிறார்கள். மிகுதிக்கு அவதானிப்பும் நாட்களும்தான் மருந்து.

இரு தடவையும் அதே காவல்

அந்தப் பெண்ணின் வால்வு பழுதானதும் இதே காவலால்தான் என்பது என்னை மிகவும் யோசிக்கவைத்தது. சிறுவயதில் தொண்டையில் ஒருவகைப் பற்றீரியா தொற்றி நோ வருகிறது. அதை எதிர்க்கப் புறப்பட்ட நிர்ப்பீடனம் சில பிள்ளைகளில் தவறுதலாகத் தன் சொந்த மூட்டுகளையும் இருதய வால்வுகளையும் தாக்கிவிடுகிறது. இதுவே வாதக் காய்ச்சல். 5 வயதுக்கும் 15 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளிடம் இது கூடுதலாக வருகிறது. நெருக்கமாக வாழும் இடங்களில், வைத்தியம் தாமதமாகும் இடங்களில் அதிகம். முகாம்களிலும் ஒற்றை அறை வீடுகளிலும் வளர்ந்த எமது பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். தொண்டை நோவோடு காய்ச்சல் வந்தால் கைவைத்தியத்தோடு நின்றுவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். வாதக் காய்ச்சல் என்று கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் பெனிசிலின் ஊசியை, பிள்ளை நன்றாக ஓடி விளையாடுகிறதே என்று இடையில் நிறுத்தாதீர்கள். இயந்திரம் வரை போகாமல் காப்பாற்றும் ஊசி அது.

நாம் செய்யக்கூடியவை

சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்திருப்பவர்களின் வீட்டுப் பெண்களுக்கு நான் இப்போது சொல்லிவருவதை இங்கேயும் சொல்கிறேன். ஒப்பரேசனுக்கு முதல் நாளே வைத்தியரிடம் கேளுங்கள்: இயந்திரத்தில் போடுவீர்களா? எத்தனை நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்க வேண்டும்? வீக்கம், காய்ச்சல், குழப்பம் வந்தால் எங்களுக்கு யார் சொல்வார்கள்? தமிழில் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி.

கேட்ட பதிலை நீங்கள் மட்டும் வைத்துக்கொள்ளாமல் மாமியார், கணவர், ஊரிலிருந்து தொலைபேசியில் விசாரிப்பவர்கள் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். "மூன்றாம் நாள் முகம் வீங்கியிருக்கும், டொக்டர் சொன்னவர்" என்ற ஒரு வசனம் எத்தனையோ பழிச்சொற்களை வாசலிலேயே நிறுத்திவிடும்.

நோயாளி குழம்பிப் பேசினால் அது அவருடைய மனம் அல்ல, அழற்சியும் களைப்பும் பேசுகின்றன. பெரும்பாலானோருக்குச் சில நாட்களில் தெளிந்துவிடும். வாதாட வேண்டாம். தாதியின் அனுமதியோடு, கையை நன்றாகக் கழுவிவிட்டு, அருகே நின்று அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். இது வைத்தியசாலை, இன்று செவ்வாய்க்கிழமை, ஒப்பரேசன் முடிந்துவிட்டது, நான் உன் அம்மா என்று மெல்லச் சொல்லுங்கள். கண்ணாடி போடுபவராயின் அதைக் கொடுக்கச் சொல்லுங்கள். பழகிய குரலும் சொந்த மொழியும் குழப்பத்தைத் தெளியவைக்க உதவுகின்றன என்று வைத்தியத்துறையே ஏற்றுக்கொள்கிறது. சிங்களமே கேட்கும் ஓர் அறையில் தாயின் தமிழும் கழுவிய கையின் தொடுகையும் அந்த மகளுக்கு மருந்தாகத்தான் இருந்திருக்கும்.

எல்லாக் காய்ச்சலும் சாதாரணம் என்று நான் சொல்லவில்லை. வீடு திரும்பிய பின் 38 பாகைக்கு மேல் காய்ச்சல் வந்தாலோ, காயம் சிவந்து சீழ் வடிந்தாலோ, மூச்சுத் திணறல் கூடினாலோ, கால் வீங்கி நிறை ஒரு நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினாலோ, பேச்சுக் குளறினாலோ, கை கால் மரத்தாலோ நாள் பார்க்காமல் வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

வைத்தியசாலைகளிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒரு தாளில் பத்து வரிகள், இலகுவான தமிழிலும் சிங்களத்திலும், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒட்டப்பட்டிருந்தால் போதும். முதல் மூன்று நாட்களில் என்ன நடக்கலாம், ஏன் நடக்கிறது, யாரிடம் கேட்கலாம் என்று அதில் இருந்தால் போதும். இதற்குப் பெரிய செலவில்லை. மாதர் சங்கங்களும் கிராம மட்ட அமைப்புகளும் இதை எழுதிக் கொடுக்க முன்வரலாம். வரவேண்டும்.

இருதயத்தைத் திறந்து வால்வை மாற்றும் அளவுக்கு வைத்தியம் வளர்ந்துவிட்டது. வாசலில் காத்திருக்கும் பெண்ணுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்வது அதைவிடக் கடினமான காரியமல்ல.